உள்ளே போகுதே, சுடலாமா? – ரெட்டைக்குழல் துப்பாக்கியும் இரும்பு ரவையும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வந்தது. அனுப்பியவன் அரூரில் என்னோடு ஒன்பதாவது படித்தவன், இப்போது இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் வேலை. வார இறுதியில் களிமண் தட்டுகளை மேலே எறிந்து சுடும் விளையாட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். அவன் போகும் மைதானத்தில் இனி ஈயத் தோட்டா கூடாது, ஸ்டீல் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்களாம். கடையில் "ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல்" என்று எழுதிய பெட்டி மலிவாகக் கிடைத்ததாம். "டேய், உள்ள கரெக்டா போகுதுடா. சுடலாம்ல?" – இதுதான் கேள்வி.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. ஆனால் எங்க மாமா வீட்டில் ஒரு ரெட்டைக்குழல் இருக்கிறது. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற வழியில் அவருக்கு மரவள்ளித் தோட்டம். தாத்தா காலத்து லைசன்ஸ். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். சின்ன வயசிலிருந்து அந்தத் துப்பாக்கியைப் பார்க்கிறேன், அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நண்பனின் கேள்விக்குப் பதில் தேடப் போய் கடைசியில் மாமா வீட்டுத் திண்ணையில் வந்து நின்றேன்.

முதலில் ஒரு விஷயம். "ஸ்டீல் ரவை" என்று நான் சொன்னதும் திண்ணையில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், "பால்ரஸ் தானே? அது நம்ம ஊர்ல காலங்காலமா போடறதுதானே" என்றார். நம்ம பக்கத்துப் பேப்பரில் மாதம் ஒரு தடவையாவது நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டு பறிமுதல் என்று செய்தி வரும், அந்தப் பால்ரஸ். சைக்கிள் பேரிங்கில் இருக்கும் எஃகுக் குண்டு. அவர் சொன்னது தப்பு, ஆபத்தான தப்பும்கூட. தோட்டாவில் வரும் ஸ்டீல் ரவை பெயருக்குத்தான் ஸ்டீல், உண்மையில் சூடாக்கி மென்மைப்படுத்திய இரும்பு. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் அது சுமார் 100. பேரிங் குண்டு 700-க்கும் மேல். பல துப்பாக்கிக் குழல்களின் எஃகைவிட பேரிங் குண்டு கடினம். குழலைக் கீறிக்கொண்டுதான் வெளியே போகும். கள்ளத்தனமாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்கு எந்தச் சோதனையும் கிடையாது, மருந்தின் அளவும் கைக்கணக்கு, அதற்குள் பேரிங் குண்டு. குழல் வெடித்தால் கன்னமும் இடது கையும்தான் முதலில் அடி வாங்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் ஸ்டீல் என்று வரும் இடத்தில் எல்லாம் பால்ரஸ் என்று படித்துவிடாதீர்கள்.

சரி, ஈயத்தை ஏன் விடுகிறார்கள்? வாத்து போன்ற பறவைகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். ஏரியின் அடியில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று விழுங்கிவிடும். இரைப்பையில் ஈயம் அரைபட்டு உடம்பில் ஏறி விஷமாகிவிடும். அமெரிக்கா 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தைத் தடை செய்தது. டென்மார்க் 1996-ல் முழுக்கவே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. பிரிட்டனில் மூன்று வருட அவகாசத்தோடு ஈயத் தோட்டாவை ஒழிக்கப் போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. என் நண்பனின் பிரச்சினை அங்கிருந்து வந்தது.

ஈயத்துக்குப் பதில் இரும்பு போட்டால் என்ன மாறும்? இரண்டு விஷயம் மாறும்.

ஒன்று, எடை. ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பு 7.8. ஒரே பருமனுள்ள ரவை இரும்பில் லேசாக இருக்கும், காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட ரவையைப் பெரிதாக்கு, வேகத்தைக் கூட்டு என்று போகிறார்கள். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் குழலுக்குள் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அந்த வழியில் கடைசி வரை போனதுதான் ஹை பெர்ஃபார்மன்ஸ் தோட்டா.

இரண்டு, விட்டுக்கொடுக்காத தன்மை. பழைய துப்பாக்கிகளில் குழலின் வாய்ப்பக்கம் சற்றே குறுகி இருக்கும். இதற்கு சோக் என்று பேர், பைக்கில் இருக்கும் சோக் இல்லை. ரவைகள் ரொம்பச் சிதறாமல் கட்டாகப் போக இந்தக் குறுகல் உதவும். முழு சோக் என்றால் ஏறத்தாழ 1 மி.மீ. குறுகல், அரை சோக் என்றால் 0.5 மி.மீ. அவ்வளவுதான், ஆனால் அந்த அரை மில்லிமீட்டர்தான் இங்கே பேச்சே. ஈய ரவைகள் கூட்டமாக அந்த இடத்துக்கு வரும்போது நசுங்கி, வளைந்து கொடுத்து, வழி விட்டுப் போகும். பஸ் படிக்கட்டில் கூட்டம் நெளிந்து வளைந்து ஏறுகிற மாதிரி. இரும்பு ரவை நெளியாது. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பக்கவாட்டில் குழலைத் தள்ளும். குழல் மெல்லியதாக இருந்தால் சோக் தொடங்கும் இடத்தில் மோதிரம் போட்டது மாதிரி ஒரு வீக்கம் வரும். பெரிய ரவையாக இருந்தால் இன்னும் மோசம். இரும்பு ரவை குழலை நேரடியாகத் தொடாமல் இருக்க தோட்டாவுக்குள் கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி ஓர் உறை வைப்பார்கள். அது கீறலைத் தடுக்கும், இந்தத் தள்ளலைத் தடுக்காது.

இப்போது "சுடலாமா" என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது? இதற்குத்தான் புரூஃப் சோதனை. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது, பர்மிங்காமில் 1813-ல் சட்டம் போட்டுச் சோதனைக்கூடம் வைத்தார்கள். வேலை எளிது. வழக்கத்தைவிடப் பலமான தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் குழலில் முத்திரை குத்துவார்கள், தாங்காவிட்டால் உடைந்தது உடைந்ததுதான். நம்ம ஊர் லாரிக்கு எஃப்.சி. காட்டுவது மாதிரி, ஆனால் இன்னும் கண்டிப்பு. நாடுகளுக்கு இடையில் இந்த விதிகளைப் பொதுவாக்க 1914-ல் ஒரு நிரந்தர ஆணையம் வந்தது, சி.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம் எல்லாம் இதன் விதிப்படிதான்.

அந்த விதிப்படி ஸ்டீல் தோட்டாவில் இரண்டு சாதி உண்டு. 12 போர், 70 மி.மீ. தோட்டாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சாதாரண ஸ்டீல்: குழலுக்குள் அழுத்தம் 740 பார் வரை. ரவை 3.25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வேகம் விநாடிக்கு 425 மீட்டருக்குள். நிறையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தம் 12-க்குள். 28 கிராம் ரவையை 425-ல் அனுப்பினால் 0.028 × 425 = 11.9. அதாவது விதியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல்: அழுத்தம் 1050 பார் வரை போகலாம். வேகம் 430, உந்தம் 13.5 வரை. 31 கிராம் ரவை 430-ல் போனால் 13.3. ரவை பெரிதாகவும் இருக்கலாம், ஆனால் 4 மி.மீ.க்கு மேற்பட்ட ரவையை அரை சோக்குக்கு மேல் குறுகலான குழலில் சுடக் கூடாது.

குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே கூடுதலாக இருப்பது ஏறத்தாழ 1 பார். அதோடு ஒப்பிட்டால் 740-ம் 1050-ம் எந்த ரகம் என்று புரியும். வேகத்தை மட்டும் பார்த்தால் 425-க்கும் 430-க்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. என் நண்பன் பெட்டியில் வேகத்தைத்தான் பார்த்தான். வித்தியாசம் அழுத்தத்திலும் ரவையின் பருமனிலும் இருக்கிறது.

ஹை பெர்ஃபார்மன்ஸ் சுடக்கூடிய குழலுக்குத் தனிச் சோதனை உண்டு, 1370 பார் அளவுக்கு, இரும்பு ரவையோடு. தேறினால் குழலில் லில்லிப்பூ வடிவ முத்திரை விழும். பிரெஞ்சு அரசர்களின் கொடியில் இருந்த மூன்று இதழ்ப் பூ, சாரணர் பேட்ஜில் பார்த்திருப்பீர்கள், அதே பூ. பல துப்பாக்கிகளில் அதன் பக்கத்தில் ஸ்டீல் ஷாட் என்றும் எழுதியிருக்கும். கேள்விக்கான பதில் அந்தப் பூவில்தான் இருக்கிறது. பூ இருந்தால், ரவை அளவையும் சோக்கையும் பார்த்துச் சுடலாம். பூ இல்லையென்றால் ஹை பெர்ஃபார்மன்ஸ் கிடையாது. கெட்டியாக இருக்கே, கம்பெனி பெரிய கம்பெனியாச்சே, விலை அதிகமாச்சே என்பதெல்லாம் இதில் செல்லாது.

நண்பன் அனுப்பிய போட்டோவில் பூ இல்லை. கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று இருந்தது, அது 1954-க்குப் பிந்தைய பர்மிங்காம் முத்திரை, புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. பக்கத்தில் 2¾ அங்குலம், 3¼ டன். இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். டன் என்றால் சதுர அங்குலத்துக்கு டன். 3¼ × 2240 பவுண்டு, அதைப் பார் ஆக்கினால் சுமார் 500. "ஐயோ, 740 பார் தோட்டாவே கூடாதே" என்று அவனைப் பயமுறுத்திவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த டன் கணக்கு உலோகத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அளந்தது. இன்றைய பார் கணக்கு மின்னணு உணரியால் அளப்பது. நசுங்கும் துண்டு அந்தக் கண நேர உச்சத்தைப் பிடிக்காது, குறைத்தே காட்டும். இரண்டையும் கால்குலேட்டரில் மாற்றக் கூடாது. யூனிட் ஒன்று, அளந்த கருவி வேறு. இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இதே தப்பைப் பார்த்துத் திட்டியவன் நான்.

அப்புறம் அவனை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகச் சொன்னேன். முத்திரை அன்றைய தேதிக்கு எஃப்.சி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாராவது துரு எடுக்கக் குழலை உள்ளே கடைந்திருக்கலாம். முத்திரையோடு குழலின் உள்விட்டமும் குறித்திருப்பார்கள், 12 போரில் வழக்கமாக .729 அங்குலம். அது ஆயிரத்தில் 8 அங்குலம் கூடிவிட்டால் முத்திரை செல்லாது. குழல் சுவரின் மெல்லிய இடம் ஆயிரத்தில் 20 அங்குலத்துக்கு, அதாவது அரை மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது அங்கே தொழில்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கருவி வேண்டும்.

மெக்கானிக் அளந்தார். சுவர் பரவாயில்லை. வலது குழல் கால் சோக், இடது குழல் முழு சோக். தீர்ப்பு: ஹை பெர்ஃபார்மன்ஸ் கூடவே கூடாது. சாதாரண ஸ்டீல் வலது குழலில் தாராளமாக. இடது குழலின் சோக்கைக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் அதிலும். அதுவரை இடதில் பிஸ்மத் ரவை போட்டுக்கொள்ளலாம். அதன் அடர்த்தி 9.8-ஐ ஒட்டி வரும், ஈயம் மாதிரி மென்மை, பழைய துப்பாக்கிக்கு நல்லது, விலைதான் கையைக் கடிக்கும். லில்லிப்பூ வேண்டுமென்றால் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம், ஆனால் தேறாமல் போனால் குழல் போச்சு என்றும் சொல்லியிருக்கிறார். அவன் அனுப்பவில்லை.

இப்போது மாமா திண்ணை. "மாப்ள, வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு அத்தனை பார்க்கறியே, நம்முளுத பாரு" என்றார். துப்பாக்கி அவர் கையில்தான் இருந்தது, நான் தொடவில்லை. திறந்து, இரண்டு குழலும் காலி என்று எனக்குக் காட்டி, குழலைக் கழற்றித் துணியில் திருப்பி வைத்தார். அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்ததும் முத்திரைகள் தெரிந்தன. எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. இதுவும் பர்மிங்காம். நண்பன் இப்போது வசிக்கும் ஊரிலிருந்து கிளம்பிச் சித்தேரி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஜாதகம் வேறு. கிரீடத்தின் கீழ் பி.பி., இன்னொரு கிரீடத்தின் கீழ் என்.பி. 1904-க்கும் 1954-க்கும் இடைப்பட்ட முத்திரைகள். என்.பி. இருந்ததில் ஒரு நிம்மதி. பி.பி. மட்டும் இருந்திருந்தால் கரிமருந்துக்கு மட்டுமே சோதித்தது, இன்றைய தோட்டா எதுவுமே கூடாது. சாய்சதுரத்துக்குள் 12-ம் சி-யும். தோட்டா உட்காரும் அறை 3 அங்குலத்துக்குக் குறைவு என்பதை மட்டும்தான் அந்த சி சொல்லும். 2½-ஆ 2¾-ஆ என்று சொல்லாது.

மாமாவிடம் இருந்தது ஈயத் தோட்டா, பெட்டியில் 70 மி.மீ. "இத்தன வருசமா இதத்தான் போடறேன். உள்ள போகுதே" என்றார். அதே வாக்கியம்! ஐயாயிரம் மைல் தள்ளி இருப்பவனும் இதைத்தான் சொன்னான்.

உள்ளே போகும், அதுதான் இதில் உள்ள பொறி. 70 மி.மீ. என்பது சுட்டபின் விரிந்த தோட்டாவின் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் மடித்து மூடியிருக்கும், 60 மி.மீ.க்குள் அடங்கிவிடும். 2½ அங்குல அறை என்றால் சுமார் 65 மி.மீ. அதற்குள் மடித்த தோட்டா சுகமாகப் போய் உட்காரும், மூடியும் சத்தமில்லாமல் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் தேடும். அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் விரிந்து வழியை நெருக்கும். அந்த நெருக்கத்தின் வழியாக ரவையும் உறையும் போக வேண்டும். அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறும். போதாக்குறைக்கு 70 மி.மீ. தோட்டாவை 740 பார் வரை நிரப்ப அனுமதி இருக்கிறது. 2½ அறை வைத்த பழைய துப்பாக்கியைச் சோதித்தது அதைவிடச் சாதுவான தோட்டாவுக்கு.

"அப்போ இத்தன வருசம் சுட்டது?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. பழைய எஃகுக் குழலில் தோட்டா அறைப் பக்கம் நல்ல கனம் வைத்திருப்பார்கள். அந்தக் கனம் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இருப்பிலிருந்து எடுத்துத்தான் செலவு செய்திருக்கிறோம், பாஸ்புக்கில் மீதி எவ்வளவு என்று தெரியாமல். மாமா வருஷத்துக்கு நாலைந்து வெடிதான், அதுவும் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து. துப்பாக்கி லைசன்ஸ் என்பது பன்றியைச் சுட அனுமதி இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1959 ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கு என்று வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிடுகிறது, அந்த வகையில்தான் தாத்தாவுக்கு முதலில் லைசன்ஸ் கிடைத்தது. ரெட்டைக்குழல் அதற்கப்புறம் வந்தது.

அரூரில் அறையை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு மாமா வெளியூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார். அங்கே அளவுக்கோல் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழலும் 2½. வலது குழலில் உள்ளே ஒரு குழி, துரு தின்றது. வெளியே விரலால் தடவினால் தெரியவில்லை. விளக்கொளியில் குழலுக்குள் பார்த்தபோது வட்டமாக ஒரு நிழல் விழுந்ததாம். கடைக்காரர், "இந்தக் குழல்ல இனி எதுவும் வேணாங்க, அடுத்ததுல 65 மட்டும் போடுங்க" என்றிருக்கிறார்.

நேற்று போயிருந்தேன். மாமா மீதமிருந்த 70 மி.மீ. தோட்டாக்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். லைசன்ஸ் புத்தகத்தில் கணக்கு எழுதி வாங்கியிருக்கிறார். துப்பாக்கிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது, அத்தையின் கையெழுத்து: "இடது மட்டும். 65. வேற எதுவும் கூடாது." பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைப் படித்துவிட்டு, பால்ரஸ் பற்றி இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.